பதினேழாம் நம்பர் கரை

புங்கங்குடிக்காட்டு ஏரிக்கரையில் வளை தோண்டுவதற்கு நண்டுகள் ஒருநாளும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. நண்டைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு ஈர மண் பிடிக்கும். ஏரிக்கரை என்பதோ நீளமான ஈர மண் மேடு. ஒரு முழமோ ஒன்றரை முழமோ தோண்டிக்கொண்டு அது பாட்டுக்குக் குடியிருக்கும். ஆனால் கரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் எலியும் தன் பங்குக்குத் தோண்டி வைத்திருந்து, ஏரித் தண்ணீரும் ஏறி நண்டு வளையின் வாயைத் தொட்டுவிட்டால், ஏரிக்குப் புதிதாக ஒரு வாசல் திறந்துவிடும். காலையில் அது கட்டைவிரல் அளவு இருக்கும். மத்தியானம் ஆள் நுழையலாம். சாயங்காலம் மாட்டுவண்டி போகலாம்.

இது கண்ணையனுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற சாலையில் பாதி வழியில் மேற்கே திரும்பினால் வரும் அந்த ஊருக்கு அவர்தான் மடைக்காரர். மடையைத் திறப்பது, மூடுவது, வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுவது, தினம் காலையில் கரையின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வெறுங்காலோடு நடப்பது, இவ்வளவுதான் வேலை. செருப்புப் போடக் கூடாது. உள்ளே வளை ஓடுகிற இடத்தில் மண் பாதத்துக்குக் கீழே ஒரு நெல்மணி அளவுக்கு அசைந்து கொடுக்கும். அதைக் கண் பார்க்காது, கால் பார்த்துவிடும்.

அந்தப் பக்கத்து மண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. தோண்டினால் சுண்ணாம்புக் கல் வரும். கல்லுக்குள் கல்லாகவே போய்விட்ட சங்கும் சிப்பியும் வரும். எந்தக் காலத்திலோ அங்கே கடல் இருந்ததாம். கடல் போய்விட்டது, அதன் ஓட்டைகள் மட்டும் தங்கிவிட்டன. அதனால் அந்தக் கரை ஒரு முறை கட்டினால் முடிந்துபோகிற கரை அல்ல. வருஷா வருஷம் களிமண் அப்பிக்கொண்டே இருக்க வேண்டிய கரை. அதற்காக இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, ஆனி மாதம் பறை அடித்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாக வந்து, ஏரிக்குள் படிந்த வண்டலை அள்ளிக் கரையில் போட வேண்டும். குடிமராமத்து என்பார்கள். இரண்டாவது இன்னும் எளிது. வளையைப் பார்த்தவர் அடைக்க வேண்டும். யார் பார்த்தாலும் சரி. கல்யாணத்துக்குப் போகிறவர்கூடக் கரைவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி ஒரு கை மண் அடைத்துவிட்டுத்தான் தாலி கட்டுவதைப் பார்க்கப் போவார்.

கண்ணையனின் மனைவி கிருஷ்ணம்மாள் இதில் ஒரு படி மேலே. வயலிலிருந்து திரும்பும்போது மற்றப் பெண்கள் மடியில் கீரை கட்டிக்கொண்டு வருவார்கள். அவள் வலது கையில் தேங்காய் அளவுக்கு ஒரு களிமண் உருண்டை இருக்கும். வழியில் வளை இருந்தால் அதில் திணிப்பாள்; இல்லாவிட்டால் கரையில் அறைந்துவிட்டு வருவாள்.

"என்னத்துக்கு புள்ள தூக்கிச் சுமக்குற?" என்று கண்ணையன் கேட்டால், "கை சும்மாத்தானே வருது, மண்ணும் கூட வரட்டும்" என்பாள்.

1946ஆம் வருஷம் சித்திரையில் வக்கீல் வேணுகோபால் ஊர் திரும்பினார். திருச்சி கோர்ட்டில் இருபது வருஷம் வாதாடியவர். இரண்டு இரும்புப் பெட்டி நிறைய இங்கிலீஷ் புத்தகங்களோடு வந்தார். நாடு முழுக்கச் சுதந்திரம் என்ற பேச்சாக இருந்த காலம் அது. வக்கீலுக்கு அந்தப் பேச்சு போதவில்லை. வெள்ளைக்காரன் போவது சரி, பக்கத்து வீட்டுக்காரன் எப்போது போவான் என்று கேட்டார். பெரிய சந்தேகம்தான், அதுவரை ஊரில் யாரும் கேட்டதில்லை.

சாவடியில் கூட்டம் போட்டார்.

"இந்த ஏரி யாருது?" என்றார்.

"ஊருதுங்க" என்றார்கள்.

"ஊருன்னு ஒரு ஆள் இருக்கானா? கூப்பிடுங்க, பாப்போம்."

யாரும் கூப்பிடவில்லை.

"எல்லாருக்கும் சொந்தம்னா என்ன அர்த்தம்? ஒருத்தனுக்கும் சொந்தமில்லைன்னு அர்த்தம். தனக்குச் சொந்தமில்லாததை எவன் காப்பாத்துவான்? போன ஆனியில எத்தனை வூட்டுலேருந்து ஆள் வந்துச்சு? மேலத்தெருவுலேருந்து எத்தனை பேரு கூடை தூக்குனீங்க?"

மேலத்தெரு தலையைக் குனிந்துகொண்டது. அவர் சொன்னதில் பொய் இல்லை. மேலத்தெருக்காரர்கள் பண்ணையாட்களை அனுப்பிவிட்டுப் புங்கமர நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவார்கள். முறை வரும் நாளில் மட்டும் தாங்களே வந்து வாய்க்கால் தலைப்பில் நிற்பார்கள். கண்ணையனுக்கே அதில் பல வருஷக் கசப்பு. அதனால் அன்றைக்கு அவரும் தலையாட்டினார். பின்னால் அதை நினைத்து நினைத்துப் பார்ப்போம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

"பறை அடிச்சு ஒரு மனுசனை வேலைக்குக் கூப்பிடுறது அடிமைத்தனம்" என்று முடித்தார் வக்கீல். "இனிமே இந்த ஊர்ல யாரும் யாருக்கும் கூடை தூக்க வேண்டியதில்லை."

கைதட்டல் சாவடிக் கூரையில் இருந்த புறாக்களை எழுப்பிவிட்டது. கூடை தூக்க வேண்டாம் என்பது எல்லாருக்கும் உடனே புரியக்கூடிய தத்துவமாக இருந்தது.

இப்படித்தான் சுதந்திர உடைமைச் சங்கம் பிறந்தது. வக்கீல் தலைவர். பத்திர ஆபீசில் எழுத்து வேலை பார்த்துவிட்டு வந்த பழனிவேல் காரியதரிசி. சங்கத்துக்கென்று சில ஆசாரங்கள் ஏற்பட்டன. கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரவர் பலகையை அவரவர் கொண்டுவர வேண்டும். பொதுப் பாய் கூடாது. தாகம் எடுத்தால் அவரவர் செம்பு. தலைவர் எழுந்து, "யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்ல" என்பார். சபை முழுதும், "அல்ல, அல்ல" என்று ஒரே குரலில் சொல்லும். ஒரே குரலில் சொல்வது கொள்கைக்கு ஒத்துவருமா என்று பழனிவேலுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதை ஒரு துணைக்குழு ஆராய்ந்துகொண்டிருந்தது.

முதல் காரியமாகக் கரையை அளந்தார்கள். இருபது தப்படிக்கு ஒரு கல் நட்டு எண்பத்திரண்டு துண்டாகப் பிரித்துச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்தார்கள். முதல் துண்டில் அய்யனார் கோயில் இருந்தது. பொதுச்சொத்து எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது என்பதால் அய்யனாரையே ஒரு தனிநபராகப் பாவித்து ஒன்றாம் நம்பர் கரை அவர் பெயரில் எழுதப்பட்டது. அவர் தம் கரையைப் பராமரிக்காவிட்டால் யார் கையில் நோட்டீஸ் கொடுப்பது என்பது மட்டும் நிலுவையில் நின்றது.

பிறகு தண்ணீரைப் பிரித்தார்கள். ஏரிக்குள் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, எண்பத்திரண்டு கட்டம் போட்டார்கள். கண்ணையனுக்கு முப்பத்தொன்றாம் கட்டம் விழுந்தது. அவர் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, ஒரு சந்தேகமுங்க" என்றார். "தண்ணி நகருங்களே."

"நகரட்டுமே. அதோட சுதந்திரம்" என்றார் வக்கீல்.

"இல்லைங்க, இப்ப என் கட்டத்துல இருக்குறது காத்தடிச்சா அடுத்தவரு கட்டத்துக்குப் போயிருமே. அப்ப என் தண்ணி எதுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?"

வக்கீல் அவர் தோளைத் தட்டினார். "கண்ணையா, நீ தண்ணியைப் பாக்குற. நான் உரிமையைப் பாக்குறேன். தண்ணிதான் நகரும். உரிமை நகராது."

சங்கத்துக்கு அந்த வருஷம் ஓயாத வேலை. சிந்தாமணி என்பவளின் எருமை அவள் புருஷனுடைய நான்காம் கட்டத்தில் இறங்கி ஏழாம் கட்டத்தின் வழியாகக் கரையேறியது. ஏழாம் கட்டத்துத் தண்ணீரைத் தோலில் சுமந்துகொண்டு போய்விட்டது என்று வழக்கு வந்தது. எருமையைத் திரும்பவும் ஏழாம் கட்டத்தின் ஓரத்தில் நிறுத்தி, சொட்டி முடிகிற வரை வைத்திருக்கும்படி தீர்ப்பாயிற்று. எருமை நன்றாக நின்றது. நிற்பது அதற்குப் பிடித்த வேலை. மடை இருந்த நாற்பதாம் துண்டு பிச்சைமுத்துவின் பங்கில் விழுந்திருந்தது. அவர் மூன்று முறை மடையைத் திறக்க மறுத்தார். காரணம் கேட்டதற்கு, காரணம் சொல்லாமல் இருப்பதும் தம் உரிமை என்றார். கீழ் வயல்களில் நெல் பால் பிடிக்காமல் பதராய்ப் போயிற்று. கொள்கையை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டவர் வேறில்லை என்று சங்கம் பிச்சைமுத்துவுக்கு மாலை போட்டது. பதரானதில் அவருடைய வயலும் ஒன்று.

இதற்கிடையே ஆனி வந்தது. பறை அடிக்கவில்லை. வண்டல் ஏரிக்குள்ளேயே கிடந்தது.

மடைக்காரர் பதவி ரத்தாகிவிட்டது என்று கண்ணையனுக்குக் கடிதம் வந்தது. கால்களுக்கு யாரும் கடிதம் கொடுக்கவில்லை. அவை காலையில் அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போயின. ஐப்பசியில் ஒருநாள், ஒன்பதாம் நம்பர் கரையில் பாதத்துக்குக் கீழே மண் அசைந்தது. இறங்கி அடைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். மறுநாள் விசாரணை.

"கண்ணையா, ஒன்பதாம் நம்பர் கரையில மண்ணு போட்டியா?" என்றார் தலைவர்.

"போட்டனுங்க."

"எவ்வளவு?"

"ரெண்டு கை இருக்கும். மேல ஒரு மிதி மிதிச்சேன்."

"மிதி வேறயா!" என்று பழனிவேல் தனியாக எழுதிக்கொண்டார்.

"செல்லதுரையைக் கேட்டியா?"

"அவரு அரியலூரு சந்தைக்குப் போயிருந்தாருங்க. தண்ணி வளை வாய்க்கு நாலு விரக்கடை கீழதான் நின்னுச்சு."

ஒன்பதாம் நம்பருக்கு உடையவரான செல்லதுரை தம் பலகையிலிருந்து எழுந்தார். "நல்லதுதானுங்களே பண்ணிருக்காரு. எனக்கு ஒரு வருத்தமும் இல்லைங்க."

"ஒங்களுக்கு வருத்தம் இருக்கணும் செல்லதுரை!" என்றார் தலைவர். "அது இல்லாததுதான் இந்த நாட்டோட வியாதி. குளிர்ல தூங்குறவனுக்குக் கேக்காம போர்வை போத்துறவனும் அத்துமீறுறவன்தான்."

"போர்வையாங்க?"

"ஆமா. நடுங்குறது அவன் உரிமை. அதைப் பறிக்க நீ யாரு?"

திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பது போல, கொடுத்த பொருளையும் திருப்பி எடுக்க வேண்டும் என்று தீர்ப்பு. சங்கம் முழுவதும் கரைக்குப் போனது. கண்ணையன் தாம் அடைத்த மண்ணைத் தாமே தோண்டி எடுத்தார். வளை முன்பிருந்த ஆழத்துக்கு வந்துவிட்டதா என்று பழனிவேல் குச்சி விட்டு அளந்தார். அளந்து முடித்ததும் செல்லதுரை, தம் சொந்தச் சுதந்திரத்தின் பேரில், அதே மண்ணை வாங்கி அதே வளையை அடைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆனால் தலைவர் அதோடு விடவில்லை. கண்ணையனின் கால்களை அவர் கவனித்திருந்தார்; அவை மறுநாளும் கரைக்குத்தான் போகும். அதனால் அய்யனார் முன்னால் சூடம் கொளுத்தச் சொன்னார். உடையவர் அனுமதி இல்லாமல் அடுத்தவர் கரையில் கை வைக்க மாட்டேன் என்று கண்ணையன் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அவருடைய அப்பா அந்த அய்யனார் முன்னால் செய்த ஒரு பொய்ச் சத்தியத்துக்குப் பிறகுதான் கண்ணிழந்தார் என்று ஊரில் பேச்சு. கண்ணையன் எதை வேண்டுமானாலும் மீறுவார், அந்தச் சூடத்தை மீற மாட்டார். வக்கீலுக்கு அது தெரியும். இருபது வருஷம் சாட்சிக் கூண்டுகளைப் பார்த்தவர்.

வீட்டில் கிருஷ்ணம்மாள் சோற்றுப் பானையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்: "மண்ணு மேல போயி யாராச்சும் சத்தியம் பண்ணுவாங்களா?"

"பண்ண வெச்சுட்டாங்க புள்ள."

"நான் பண்ணல" என்றாள். மறுநாளும் அவள் கையில் மண் உருண்டை இருந்தது. பெண்பிள்ளைகளைச் சங்கம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதால் அவளை யாரும் விசாரிக்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடிக் கடைசியில் நாடும் சுதந்திரம் அடைந்தது. சாவடியில் அவரவர் மிட்டாயை அவரவர் வாங்கிச் சாப்பிட்டார்கள். இரண்டு ஆனி மாதங்கள் மண் விழாத கரையோடு ஏரி கார்த்திகைக்குள் நுழைந்தது.

மழை ஆறு நாள் பெய்தது. ஏழாம் நாள் காலையில் வெறித்தது. கண்ணையன் கரையின் மேல் நடந்துபோனபோது, பதினேழாம் நம்பர் கல்லைத் தாண்டியதும் பாதம் உள்ளே வாங்கியது. வெளிப்பக்கச் சரிவில் எட்டிப் பார்த்தார். கட்டைவிரல் அளவுக்கு நீர் பீச்சிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்று தெரிந்திருக்க வேண்டும். கரையில் கசிகிற நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. ஏரி மூச்சு விடுகிறது என்று விட்டுவிடலாம். கலங்கலாக வந்தால் அது வெறும் தண்ணீர் அல்ல, கரையையே கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு வருகிறது. கண்ணையன் அந்த நீரை உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தார். செம்மண் நிறத்தில் இருந்தது. உள்பக்கம் இறங்கி வைக்கோல் சுருட்டை வளை வாயில் திணித்து, மேலே களிமண் போட்டு மிதித்தால் நிற்கும். முதல் நாழிகையில் இரண்டு ஆள் போதும். இரண்டாம் நாழிகையில் பத்து ஆள் வேண்டும். மூன்றாம் நாழிகையில் ஆள் வேண்டியதில்லை.

அவர் கை தானாகக் குனிந்து மண்ணை அள்ளிவிட்டது. அள்ளிய பிறகுதான் சூடத்தின் மணம் ஞாபகம் வந்தது. கையில் மண்ணோடு அப்படியே நின்றார்.

பதினேழுக்கு உடையவன் பாலசுந்தரம். திருச்சியில் ரயில்வே உத்தியோகம். சீட்டில் அவன் பெயர் விழுந்தது அவனுக்குக் கடிதத்தில்தான் தெரியும்.

கிருஷ்ணம்மாள் கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், சரிவைப் பார்த்தாள்.

"கலங்கலா?"

"கலங்கல்தான்."

"அப்ப என்னத்துக்கு நிக்கிறீங்க?"

"பதினேழு, புள்ள."

அவள் கலயத்தைக் கீழே வைத்தாள்.

"நான் வக்கீலு வூட்டுக்கு ஓடி ஒரு வார்த்தை வாங்கிட்டு வந்துடுறேன். நீ சும்மா பாத்துக்க. தொட்டுடாத."

"சரி, போயிட்டு வாங்க" என்றாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டே.

அவர் அதைப் பார்த்தார். அவள் தொடுவாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் போனார். அவள் தொடுவாள் என்ற தைரியத்தில்தான் போனார். பின்னாட்களில் யார் என்ன சமாதானம் சொன்னாலும், அவருக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது இந்த ஒன்றுதான்.

பழனிவேல் தம் வீட்டு வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பதறிப்போய் உள்ளே ஓடி ஒரு படிவத்தை எடுத்து வந்தார். நல்ல மனிதர். "என்ன மண்ணு? களிமண்ணா, வண்டலா?"

"களிமண்ணுங்க. சீக்கிரமுங்க."

"எவ்வளவு?"

"எம்புட்டுத் தேவையோ அம்புட்டு."

"அப்படி எழுத முடியாது கண்ணையா. அளவு சொல்லணும்."

"ஒரு கூடைன்னு போடுங்க சாமி!"

படிவத்தோடு இருவரும் வக்கீல் வீட்டுக்கு ஓடினார்கள். வக்கீல் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"பாலசுந்தரம் என்ன சொல்றான்?"

"அவரு திருச்சியில இருக்காருங்களே. ஐயா, கலங்கலா வருது. கீழத்தெரு முழுக்கக் கரைக்கு அடியிலதான் இருக்கு. அவசரமுங்க."

"அவசரம்!" வக்கீல் எழுந்துவிட்டார். "இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிக்கிட்டுத்தான் உலகத்துல எல்லாக் கொடுங்கோலனும் உள்ள வந்திருக்கான். இன்னிக்கி அவசரம்னு ஒரு கூடை மண்ணு. நாளைக்கி அவசரம்னு என் பத்தாயத்துல கை வைப்பான். எங்க நிறுத்துறது? நீயே சொல்லு."

"வளையிலதாங்க நிறுத்தணும்" என்றார் கண்ணையன்.

பழனிவேல் தரையைப் பார்த்தார்.

"உன் மனசு எனக்குப் புரியுது" என்றார் வக்கீல், குரலைத் தணித்து. "உனக்காக நானே எழுதுறேன்." பாலசுந்தரத்துக்குக் கண்ணையன் பெயரில் அவரே கைப்பட விண்ணப்பம் எழுதினார். அழகான கையெழுத்து. ஒவ்வொரு வரியும் நூல் பிடித்தாற்போல இருந்தது. மை காய்வதற்காகக் காகிதத்தை வெயிலில் பிடித்தார். மறுநாள் தபாலில் சேர்ந்துவிடும் என்று ஆறுதலும் சொன்னார்.

மை காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. இடி போல இல்லை. யாரோ நனைந்த ஜமக்காளத்தை மெதுவாக, முழு நீளத்துக்கும் கிழிப்பது போல இருந்தது.

நடந்ததைக் கண்ணையனுக்குச் சொன்னவர் தர்மன். பதினெட்டாம் நம்பர் அவருடையது.

"அத்தை உள்பக்கம் எறங்கி வைக்கோலை அமுக்கிக்கிட்டு நின்னாங்க மாமா. மார் வரைக்கும் தண்ணி. மண்ணு மண்ணுன்னு கத்துனாங்க. நானும் என் பொஞ்சாதியும் கூடை கூடையாத் தூக்கியாந்தோம். என் எல்லைக் கல்லு வரைக்கும் கொண்டாந்து வெச்சோம் மாமா. அத்தை ஏறி வந்து எடுத்துக்கிட்டுப் போனாங்க. பதினாறாம் நம்பரு ராசாங்கமும் அவரு கல்லுகிட்ட வெச்சாரு. அத்தை அங்குட்டும் இங்குட்டும் ஓடி ஓடி எடுத்தாங்க. ரெண்டு பக்கமும் ஆளு நின்னோம். மண்ணு நெறைய இருந்துச்சு மாமா. கைதான் ஒரு ஜோடி."

ஒருமுறை அவள் கல்லருகே நின்று, "உள்ள வாடா, சாமி ஒண்ணும் கேக்காது" என்றாளாம். தர்மன் ஒரு காலைத் தூக்கினாராம். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று யோசித்தாராம்.

கீழத்தெருக்காரர்கள் அவள் போட்ட சத்தத்தில் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். குடிசைகள் போயின, சம்பா போயிற்று. அவளை இரண்டாம் நாள், ஒரு மைலுக்குக் கீழே கருவேலம் புதரில் கண்டெடுத்தார்கள். வலது கை மூடியிருந்தது. விரலைப் பிரிக்க வேண்டாம் என்று கண்ணையன் சொல்லிவிட்டார். அப்படியே எரித்தார்கள்.

கரை உடைந்த எட்டாம் நாள் சங்கத்தின் அனுதாபக் கூட்டம். அவரவர் பலகை. தலைவர் எழுந்து, "யாரும் யாருக்கும் கடமைப்பட்டவர் அல்ல" என்றார். சபை வழக்கம்போல மறுமொழி சொல்ல வேண்டும். யாரோ செருமினார்கள். அவ்வளவுதான்.

தலைவர் தொடர்ந்தார். காலஞ்சென்ற கிருஷ்ணம்மாள் பதினேழாம் நம்பர் கரைக்குள் அனுமதியின்றி நுழைந்த குற்றத்தைச் சங்கம் பெருந்தன்மையுடன் மன்னிப்பதாகத் தீர்மானம் படித்தார். கண்ணையனை, இவ்வளவு பெரிய சோதனையிலும் எல்லையை மதித்து நின்ற உத்தமர் என்று பாராட்டினார். "நமக்கு நஷ்டம் உண்டு. மறுக்கலை. ஆனா ஒண்ணை நெனைச்சுப் பெருமைப்படலாம். அன்னிக்கி இந்த ஊர்ல ஒருத்தரோட உரிமையையும் இன்னொருத்தர் மீறலை. பதினாறும் மீறலை, பதினெட்டும் மீறலை. மீறுனது தண்ணி ஒண்ணுதான்."

இதைச் சொல்லி முடித்துவிட்டுத் தம் செம்பை எடுத்தார். செம்பு காலியாக இருந்தது. அவர் வீட்டுக் கிணறு அவருடையதுதான், பத்திரம் இருக்கிறது. ஆனால் கிணற்றின் ஊற்றுக்கண் ஏரியின் வண்டலுக்கு அடியில் எங்கோ இருந்தது. ஏரி வற்றிய ஐந்தாம் நாளே கிணற்றில் வாளி தரையைத் தொட்டுவிட்டது. பக்கத்துப் பலகைக்காரரின் செம்பை அவர் பார்த்தார். கேட்கவில்லை. பக்கத்துப் பலகைக்காரரும் கொடுக்கவில்லை. கண்ணையன்தான் எழுந்துபோய்த் தம் செம்பை அவர் முன்னால் வைத்துவிட்டு, பாராட்டுப் பத்திரத்தை வாங்கிக்கொள்ளாமல் வீட்டுக்குப் போனார். வக்கீல் அந்தச் செம்பைத் தொடவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

பத்தொன்பதாம் நாள் தபால் வந்தது. கண்ணையனுக்குப் படிக்கத் தெரியாது. பழனிவேலிடம் கொண்டுபோனார். பழனிவேல் உறையைப் பார்த்ததுமே, "அப்புறமாப் படிச்சுக்கலாமே" என்றார்.

"இல்லைங்க, படிங்க."

பழனிவேல் படித்தார்.

"மாமா கண்ணையன் அவர்களுக்கு பாலசுந்தரம் வணக்கம். நலம், நலமறிய ஆவல். லயன் டியூட்டியில் வெளியூர் போயிருந்ததால் தங்கள் கடுதாசியை நேற்றுத்தான் பார்த்தேன். எனக்குப் பாத்தியப்பட்ட பதினேழாம் நம்பர் கரையில் தாங்கள் ஒரு கூடை களிமண் போட்டுக்கொள்வதில் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. இதற்கெல்லாம் எதற்கு அனுமதி கேட்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை. கிருஷ்ணம்மாள் அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். சின்ன வயதில் அந்தக் கரையில் போகும்போது..."

பழனிவேல் நிறுத்தினார்.

"மிச்சமும் படிங்க."

"...போகும்போது என் கையிலும் ஒரு மண் உருண்டையைக் கொடுத்து நடக்க வைப்பார்கள். அது ஞாபகம் வருகிறது."

கண்ணையன் காகிதத்தை வாங்கி மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் கூடையையும் மண்வெட்டியையும் எடுத்தார். ஏரிக்குள் இறங்கினார். தண்ணீர் இல்லாத ஏரியில் மூங்கில்களும் கயிறுகளும் எண்பத்திரண்டு கட்டங்களும் அப்படியே நின்றன. யாருடைய கயிற்றையும் தொடாமல் வளைந்து வளைந்து நடந்து தம் முப்பத்தொன்றாம் கட்டத்துக்குப் போனார். அங்கே களிமண்ணை வெட்டி, கல்லும் சிப்பியும் பொறுக்கி எறிந்து, கூடை விளிம்பு வரை நிரப்பினார்.

பதினாறாம் கல் நின்றது. பதினெட்டாம் கல் சாய்ந்தாற்போல நின்றது. நடுவில் பதினேழு இல்லை. ஏழெட்டு மாட்டுவண்டிகள் ஒன்றாகப் போகலாம் போல வெளி கிடந்தது. அந்தப் பக்கம் கீழத்தெருவின் மொட்டைச் சுவர்கள் தெரிந்தன. கண்ணையன் வளை இருந்த இடம் எதுவாக இருக்கும் என்று காலாலேயே தேடினார். கண்டுபிடித்தது போல ஓரிடத்தில் நின்றார். கூடையை இறக்கி மண்ணைக் கொட்டினார். இரண்டு மிதி மிதித்தார்.

"வந்துருச்சு புள்ள" என்றார்.

தர்மன் தம் எல்லைக் கல்லருகே கூடையோடு நின்றுகொண்டிருந்தார். நிறைய மண் இருந்தது. கண்ணையன் அவரைப் பார்த்துத் தலையசைத்தார், வேண்டாம் என்பது போல. பிறகு காலிக் கூடையைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டுத் தட்டினார். நாரில் ஒட்டியிருந்த மண்ணும் உதிர்ந்து விழுந்தது. ஒரு கூடை என்றால் அதுவும் சேர்த்திதான்.